குடல் அழற்சி நோயில் சைட்டோகைன்களின் பங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடித்த குடல் அழற்சி உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்போது ‘டி.என்.எஃப். தடுப்பு மருந்து’, ‘ஐ.எல்-23 ஊசி’, ‘ஜேக் மாத்திரை’ போன்ற பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞை மூலக்கூறுகளைச் சுற்றியே இப்பெயர்கள் அனைத்தும் அமைந்துள்ளன. அம்மூலக்கூறுகள் குடலில் என்ன செய்கின்றன, அவற்றைத் தடுத்தால் சிலருக்கு நோய் அடங்குவதும் சிலருக்கு அடங்காமற்போவதும் ஏன் என்பவை குறித்து அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. யாருக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதை அவரவரைச் சோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

குடல் அழற்சி நோய் என்பது எது? ஐ.பி.எஸ். எனப்படுவதும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சலுறு குடல் நோயில் வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் இருக்கும். ஆனால் குடற்சுவரில் புண்ணோ கண்ணுக்குப் புலப்படும் சிதைவோ இராது. குடல் அழற்சி நோயில் குடற்சுவரே அழற்சியுற்றுப் புண்ணாகிறது. இதில் இரு முக்கிய வகைகள் உள்ளன. கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எப்பகுதியிலும் வரக்கூடும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும். குடற்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும்; மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும்; பெரும்பாலும் உட்படலத்தையே பாதிக்கும்.

சைட்டோகைன்கள் என்றால் என்ன?

செல்கள் சுரந்து, தமக்கு அருகிலுள்ள செல்களுக்கோ சில வேளைகளில் இரத்தத்தின் வழியே தொலைவிலுள்ள உறுப்புகளுக்கோ செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சிறிய புரதங்களே சைட்டோகைன்கள். ஒவ்வொரு சைட்டோகைனுக்கும் அதற்கு உரிய ஏற்பி உண்டு. அந்த ஏற்பியை மேற்பரப்பில் தாங்கியுள்ள செல் மட்டுமே அச்செய்தியைப் பெறும். இன்டர்லூக்கின்கள், இன்டர்ஃபெரான்கள், டி.என்.எஃப். (கட்டிச் சிதைவுக் காரணி) குடும்பம், செல்களை ஓரிடத்துக்கு ஈர்க்கும் கீமோகைன்கள் ஆகியவை இத்தொகுதியில் அடங்கும். ‘ஐ.எல்.’ என்பது இன்டர்லூக்கினின் சுருக்கம். அதனுடன் வரும் எண் வெறும் வரிசை எண்ணேயன்றி வலிமையைக் குறிப்பதன்று.

ஒரே சைட்டோகைன் ஒரு செல்லைப் பெருகச் செய்யும், மற்றொரு செல்லைச் சாகச் செய்யும், மூன்றாவது செல்லிலிருந்து வேறொரு சைட்டோகைனைச் சுரக்கச் செய்யும். எனவே ‘நல்ல சைட்டோகைன்’, ‘கெட்ட சைட்டோகைன்’ என்று பிரிப்பது பேச்சுக்கு எளிதாயிருந்தாலும், குடலைப் பொறுத்தவரை அப்பிரிவினை பலமுறை ஆய்வாளர்களையே தவறான வழியில் அழைத்துச் சென்றிருக்கிறது. அதற்கான சான்றுகள் பின்வரும் விடைகளில் வரும்.

கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழும் குடல் நலமாயுள்ளவரிடம் ஏன் அழற்சியுறுவதில்லை?

பாக்டீரியாக்களுக்கும் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் இடையே, குடலின் உட்புறத்தைப் போர்த்தி ஒற்றை அடுக்காக அமைந்த எபிதீலியச் செல்களே வேலியாக நிற்கின்றன. இச்செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. அவற்றின் மேல் கோழைப் படலம் இருக்கிறது. பெருங்குடலில் அது இரு அடுக்காக அமைந்து, உள்ளடுக்கு பாக்டீரியாக்கள் ஏறத்தாழ நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாயிருக்கிறது. சிறுகுடலில் பேனத் செல்கள் நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்களைச் சுரக்கின்றன.

இவ்வளவு இருந்தும் நுண்ணுயிர்த் துணுக்குகள் அவ்வப்போது உள்ளே கசியத்தான் செய்யும். அப்போது குடலின் மேக்ரோபேஜ் செல்கள் அவற்றை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. ஆனால் உடலின் பிற இடங்களில் உள்ள மேக்ரோபேஜ்களைப் போல உடனே டி.என்.எஃப். போன்ற அபாய அறிவிப்பைப் பெருமளவில் வெளியிடுவதில்லை. ஐ.எல்-10 என்னும் சைட்டோகைனும், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களும், டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் மற்றொரு சைட்டோகைனும் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. ஆகவே நலமான குடலிலும் அழற்சிக்கான கருவிகள் அனைத்தும் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஓயாத அடக்குமுறை ஒன்று அவற்றை இயங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அப்படியானால் கேடு எங்கே தொடங்குகிறது?

தெளிவான விடை, மரபணு மாற்றப்பட்ட எலிகளிடமிருந்தும் மிக அரிதான சில குழந்தைகளிடமிருந்தும் கிடைத்தது. ஐ.எல்-10 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குத் தாமாகவே குடல் அழற்சி உண்டாவதை 1993-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே எலிகளை நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்தபோது குடல் அழற்சி தோன்றவில்லை. தூண்டுவதற்கு நுண்ணுயிரும், நிறுத்துவதற்கான சமிக்ஞை இல்லாமையும் ஒருங்கே சேர்ந்தால்தான் நோய் உருவாகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம். 2009-இல், பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே கடும் குடல் அழற்சிக்கு ஆளான குழந்தைகளிடம் ஐ.எல்-10 ஏற்பியின் மரபணுவில் பழுது இருப்பது கண்டறியப்பட்டது. அத்தகைய குழந்தைகளுக்கு இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை நோயையே அடக்க வல்லது.

வளர்ந்தவர்களுக்கு வரும் நோய் இத்தகைய ஒற்றை மரபணுக் கோளாறன்று. 200-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகள் இந்நோயுடன் தொடர்புடையவையாக அறியப்பட்டுள்ளன. தனித்தனியே ஒவ்வொன்றும் ஆற்றும் பங்கு சிறியது. கிரோன் நோயுடன் முதன்முதலாக 2001-இல் இணைத்துக் காட்டப்பட்ட மரபணு என்.ஓ.டி.2; பாக்டீரியாச் சுவரின் துணுக்கைச் செல்லுக்குள் உணரும் புரதத்தை அது உருவாக்குகிறது. அதன் இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ளவர்களிலும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். மரபணுச் சோதனையின் முடிவைக் கண்டு அஞ்சுவோருக்கு இச்செய்தி பலவேளைகளில் சொல்லப்படாமல் போய்விடுகிறது.

டி.என்.எஃப். ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

குடல் அழற்சியின் பல நிலைகளிலும் அதன் கை இருப்பதால்தான். 1975-இல் எலிகளின் கட்டிகளைச் சிதைக்கும் பொருளாக விவரிக்கப்பட்ட இம்மூலக்கூறு, பின்னாளில் அழற்சியின் மைய சமிக்ஞைகளுள் ஒன்றாக அறியப்பட்டது. மேக்ரோபேஜ்களும் டி செல்களும் இதை முதலில் தம் மேற்சவ்விலேயே பதித்து வைக்கின்றன. ஒரு நொதி அதை வெட்டிவிட, அது கரைந்த வடிவில் வெளியேறுகிறது. இரு வடிவங்களும் செயல்படக்கூடியவை.

செல்லின் ஏற்பியில் டி.என்.எஃப். பொருந்தியதும் என்.எஃப்.-கப்பா பி என்னும் புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று அழற்சி மரபணுக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் இயக்குகிறது. இதன் விளைவாக, குடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டும் மூலக்கூறுகள் தோன்றி, ஓடும் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிடித்திழுக்கின்றன. எபிதீலியச் செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகள் தளர்கின்றன. சில எபிதீலியச் செல்கள் இறந்தும் போகின்றன. இணைப்புத் திசுச் செல்கள் சுரக்கும் நொதிகள் சுற்றுத் திசுவை அரிக்கின்றன. வேலி தளர்ந்ததால் மேலும் நுண்ணுயிர்த் துணுக்குகள் உள்ளே வர, அவை மேலும் டி.என்.எஃப். சுரக்கச் செய்கின்றன. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இச்சுழற்சியே குடல் அழற்சியை நீடிக்கச் செய்கிறது.

டி.என்.எஃப்.பின் அளவை மட்டும் கூட்டினாலே குடல் நோய் வருமா என்னும் கேள்விக்கும் விடை உண்டு. டி.என்.எஃப். உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் மரபணுத் துண்டு நீக்கப்பட்ட எலிகளுக்குக் கிரோன் நோயை ஒத்த சிறுகுடல் அழற்சியும் மூட்டழற்சியும் ஒன்றாகவே உண்டாயின என 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. குடல் நோயாளிகள் பலருக்கு மூட்டு வலியும் சேர்ந்து வருவதை நெடுங்காலமாகக் கண்டுவந்த மருத்துவர்களுக்கு இது வியப்பளித்திராது.

மனிதர்களில் இது மெய்ப்பிக்கப்பட்டது 1997-இல். மிதமானது முதல் கடுமையானது வரையிலான கிரோன் நோயுள்ள 108 பேரிடம் டி.என்.எஃப்.பைக் கட்டிப்போடும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் எதிர்ப்பான் (குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பிடிக்கும் புரதம்) ஒரே ஒருமுறை செலுத்திச் சோதிக்கப்பட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு நான்கு வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பீட்டுக்காக மருந்துப்பொருள் இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கே அது தெரிந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் அம்மருந்து ஒப்புதல் பெற்றது. அடாலிமுமாப், செர்டோலிசுமாப், கோலிமுமாப் ஆகியவை பின்னர் வந்தன.

டி.என்.எஃப்.பைத் தடுக்கும் எல்லா மருந்துகளும் குடலில் வேலை செய்யுமா?

செய்யவில்லை. எடனெர்செப்ட் என்னும் மருந்தும் டி.என்.எஃப்.பைப் பிடித்து வைக்கக்கூடியதே. முடக்குவாத மூட்டழற்சியில் நன்கு பயன்படுவதே. ஆயினும் கிரோன் நோயில் அது வெற்று மருந்தைவிட மேலானதாக இல்லையென 2001-இல் வெளியான சோதனை காட்டியது. கரைந்த டி.என்.எஃப்.பை அது நன்கு பிடிக்கிறது. செல்லின் மேற்சவ்வில் பதிந்துள்ள டி.என்.எஃப்.பை அவ்வளவு உறுதியாகப் பிடிப்பதில்லை. குடலில் மேக்ரோபேஜின் மேற்சவ்விலுள்ள டி.என்.எஃப்., அதைத் தொட்டு நிற்கும் டி செல்லுக்கு ‘சாகாதே’ என்னும் செய்தியை அளித்து, வாழ்நாள் முடிந்திருக்க வேண்டிய அச்செல்லை உயிரோடு வைத்திருக்கிறது என்றும், அந்தத் தொடுகையை அறுக்கும் மருந்துகளே குடலில் பயன் தருகின்றன என்றும் கருதப்படுகிறது. சமிக்ஞை எது என்பதோடு, அது எவ்வடிவில், எந்த இரு செல்களுக்கிடையே பரிமாறப்படுகிறது என்பதும் நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது.

ஐ.எல்-12, ஐ.எல்-23 என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்களே, ஏன்?

இரண்டும் ஓர் உறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐ.எல்-12 என்பது பி35, பி40 என்னும் இரு புரதத் துண்டுகள் இணைந்தது. 2000-ஆம் ஆண்டில், அதே பி40 துண்டு பி19 என்னும் வேறொரு துண்டோடும் இணைந்து ஐ.எல்-23 என்ற தனி சைட்டோகைனாக இயங்குவது கண்டறியப்பட்டது. அதுவரை பி40-ஐத் தடுத்தபோது கிடைத்த நற்பயன்கள் அனைத்தும் ஐ.எல்-12-இன் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. பின்னர் எலிகளில் இவ்விரண்டையும் தனித்தனியே நீக்கிப் பார்த்தபோது, நாட்பட்ட குடல் அழற்சியை ஓட்டிச் செல்வது பெருமளவு ஐ.எல்-23 என்பது தெரியவந்தது.

2006-இல் மனித மரபணு ஆய்வும் இதே திசையைக் காட்டியது: ஐ.எல்-23 ஏற்பியின் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு கணிசமாகக் குறைவு. நோயைத் தரும் மாற்றங்களைத் தேடும் ஆய்வில் நோயைத் தவிர்க்கும் மாற்றம் கிடைத்தது மருந்து ஆய்வாளர்களுக்கு அரிய வழிகாட்டியாயிற்று. ஏனெனில் அந்த ஏற்பியின் செயல் வாழ்நாள் முழுவதும் குறைந்திருந்தாலும் மனிதர் நலமாக வாழ இயலும் என்பதற்கு இயற்கையே அளித்த சான்று அது.

பி40-ஐப் பிடிக்கும் உஸ்டெகினுமாப் அமெரிக்காவில் 2016-இல் கிரோன் நோய்க்கும் 2019-இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கும் ஒப்புதல் பெற்றது. பி19-ஐ மட்டும் பிடிக்கும் ரிசான்கிசுமாப், மிரிகிசுமாப், குசெல்குமாப் ஆகியவை 2022 முதல் அடுத்தடுத்து வந்தன. டி.என்.எஃப். தடுப்பு மருந்து பலனளிக்காத கிரோன் நோயாளிகளிடம் ரிசான்கிசுமாப்பையும் உஸ்டெகினுமாப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2024-இல் வெளியான சோதனையில், குடற்புண் ஆறுவதில் முன்னதே மேம்பட்டு நின்றது.

ஐ.எல்-23 தடுக்கப்படுவது பயன் தருகிறதென்றால், அதற்குப் பின்வரும் ஐ.எல்-17-ஐத் தடுப்பதும் பயன் தர வேண்டுமல்லவா?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஐ.எல்-23 வளர்த்தெடுக்கும் டி செல்கள் ஐ.எல்-17-ஐச் சுரக்கின்றன, அழற்சியுற்ற குடலில் அது மிகுந்திருக்கிறது, சொரியாசிஸ் என்னும் தோல் நோயில் அதைத் தடுப்பது மிக நன்கு பயன்படுகிறது. தர்க்கத்தில் குறையேதும் தென்படவில்லை. ஆனால் ஐ.எல்-17-ஐப் பிடிக்கும் செகுகினுமாப்பைக் கிரோன் நோயாளிகள் 59 பேரிடம் சோதித்து 2012-இல் வெளியிட்ட முடிவு அனைவரையும் திகைக்கவைத்தது. மருந்து பெற்றவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. வெற்று மருந்து பெற்றவர்களைவிட அவர்களின் நிலை மோசமாயிற்று. பூஞ்சைத் தொற்றுகளும் கூடின. ஐ.எல்-17 ஏற்பியைத் தடுக்கும் புரோடலுமாப் பற்றிய சோதனையும் நோய் மோசமானதால் இடையில் நிறுத்தப்பட்டது.

காரணம் பின்னர் புரிந்தது. தோலில் ஐ.எல்-17 அழற்சியை மூட்டுகிறது; குடலிலோ அது எபிதீலியச் செல்களின் இணைப்புகளை இறுக்கவும், நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்களைச் சுரக்கச் செய்யவும், பூஞ்சைகளைக் கட்டுக்குள் வைக்கவும் வேண்டியிருக்கிறது. அதன் ஒரு பகுதி ஐ.எல்-23-ஐச் சாராமலேயே உற்பத்தியாகிறது, ஆகவே ஐ.எல்-23-ஐத் தடுத்தால் அந்தக் காவற்பணி தொடர்கிறது, ஐ.எல்-17-ஐயே தடுத்தால் காவலும் சேர்ந்து போய்விடுகிறது. நோயுற்ற இடத்தில் ஒரு மூலக்கூறு மிகுந்திருப்பது அதுவே குற்றவாளி என்பதற்குச் சான்றாகாது. தீயணைப்பு வண்டிகளும் தீப்பற்றிய இடத்தில்தான் கூடுதலாக நிற்கும். சொரியாசிஸுக்காக இவ்வகை மருந்தைத் தொடங்குபவர்கள் தமக்கோ குடும்பத்தினருக்கோ குடல் அழற்சி நோய் உண்டென்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

இந்தத் தோல்வியை வெற்றி பெற்ற மருந்துகள் பலவற்றைவிடப் பயனுள்ளதாகக் கருத இடமுண்டு. குடலின் சமிக்ஞைகளைப் பற்றி நாம் வரைந்து வைத்திருந்த படம் எங்கே பிழைபட்டது என்பதை அது துல்லியமாகச் சுட்டிக்காட்டியது.

குடலில் நோயிருக்க, உடல் முழுவதும் சோர்வும் இரத்தசோகையும் காய்ச்சலும் ஏன் வருகின்றன?

ஐ.எல்-6, ஐ.எல்-1, டி.என்.எஃப். ஆகியவை குடலோடு நில்லாமல் இரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளுக்கும் செல்கின்றன. மூளையை அடைந்து காய்ச்சலையும் பசியின்மையையும் களைப்பையும் உண்டாக்குகின்றன. கல்லீரலை அடையும் ஐ.எல்-6 அங்கே ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. ஹெப்சிடின் மிகுந்தால் குடல் உணவிலிருந்து இரும்பை உள்ளெடுப்பது குறைகிறது, உடலில் இருக்கும் இரும்பும் மேக்ரோபேஜ்களுக்குள் அடைபட்டுவிடுகிறது. புண்ணிலிருந்து இரத்தக் கசிவும் சேர்ந்துகொள்ள இரத்தசோகை ஏற்படுகிறது. அழற்சி கடுமையாயுள்ளபோது இரும்பு மாத்திரைகள் போதிய பயன் தராமல், சிரை வழியே இரும்பைச் செலுத்த நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளில் இதே சமிக்ஞைகள் வளர்ச்சி ஹார்மோனின் செயலைத் தடைப்படுத்துகின்றன. குடல் குறிகள் பெரிதாகத் தெரியாத நிலையில், உயரம் கூடாமல் நின்றுபோவதே கிரோன் நோயின் முதல் அறிகுறியாகச் சில குழந்தைகளிடம் வெளிப்படுவது இதனால்தான்.

இரத்தத்தில் சைட்டோகைன்களை அளந்து நோயைக் கண்டறியலாமா?

ஆய்வுக்கூடங்களில் அளக்கிறார்கள், அன்றாடச் சிகிச்சையில் அதற்குப் பெரிய இடமில்லை. சைட்டோகைன்கள் விரைவில் மறைபவை, அளவு மிகச் சிறியது, எந்தத் தொற்று வந்தாலும் மாறக்கூடியவை. எனவே மருத்துவர்கள் அவற்றின் விளைவுகளை அளக்கிறார்கள். ஐ.எல்-6-இன் தூண்டுதலால் கல்லீரல் உற்பத்தி செய்யும் சி.ஆர்.பி. என்னும் புரதம் அவற்றுள் ஒன்று. அது ஏறத்தாழ 19 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், அழற்சி தணிந்த சில நாட்களிலேயே அளவு இறங்கிவிடும். சிலருக்குக் குடலில் புண் இருந்தும் சி.ஆர்.பி. உயர்வதேயில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மலத்தில் அளக்கப்படும் கால்ப்ரோடெக்டின் குடலுக்கு இன்னும் நெருக்கமான சான்று. ஐ.எல்-8 போன்ற கீமோகைன்களால் ஈர்க்கப்பட்டுக் குடலுக்குள் வரும் நியூட்ரோபில் வெள்ளணுக்களின் உட்பொருளில் மிகுந்துள்ள புரதம் இது. மலத்தில் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடலில் அழற்சி இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் அழற்சி முனைப்பாக இருப்பதாகப் பொதுவாகக் கொள்வர். கிருமித் தொற்றினாலும் வலி நிவாரணிகளாலும் இது உயரக்கூடும் என்பதால் தனித்து நோயை உறுதிசெய்யாது.

கிரோன் நோயிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் சமிக்ஞைகள் வேறுபட்டவையா?

முன்பு பாடநூல்கள் கிரோன் நோயை ஐ.எல்-12, இன்டர்ஃபெரான்-காமா ஆகியவற்றின் கணக்கிலும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸை ஐ.எல்-13-இன் கணக்கிலும் எழுதின. இந்த நேர்த்தியான பிரிவினை மருந்துச் சோதனைகளைத் தாங்கவில்லை. ஐ.எல்-13-ஐத் தடுத்த மருந்துகள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை, டி.என்.எஃப்., ஐ.எல்-23 ஆகியவற்றைத் தடுப்பவையோ இரு நோய்களிலும் பயன்படுகின்றன.

சாதாரண வலி நிவாரண மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது ஏன்? அவையும் அழற்சியைக் குறைப்பவைதாமே?

இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் கொழுப்புவகை சமிக்ஞை மூலக்கூறுகளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. மூட்டில் இம்மூலக்கூறுகள் வலியைத் தருபவை. குடலிலோ கோழைச் சுரப்புக்கும், இரத்த ஓட்டத்துக்கும், எபிதீலியம் பழுது நீங்குவதற்கும் வேண்டியவை. அவற்றைக் குறைத்தால் சிலருக்கு அடங்கியிருந்த நோய் மீண்டும் கிளர்ந்தெழக்கூடும். ஐ.எல்-17 பற்றிச் சொன்னதே இங்கும் பொருந்தும்.

ஸ்டீராய்டு மருந்துகள் இச்சமிக்ஞைகளில் எதைத் தடுக்கின்றன?

ஏறத்தாழ எல்லாவற்றையும். அவை செல்லுக்குள் தம் ஏற்பியுடன் இணைந்து என்.எஃப்.-கப்பா பி-யின் செயலை அடக்குவதால், டி.என்.எஃப்., ஐ.எல்-1, ஐ.எல்-6 ஆகிய பலவும் ஒருசேரக் குறைகின்றன. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் கார்டிசோனின் பயன் 1955-இலேயே முறையான சோதனையில் நிறுவப்பட்டது. விரைவாகத் தணிப்பதில் இன்றும் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க அவை உதவுவதில்லை. எலும்புத் தேய்வு, சர்க்கரை உயர்வு, தொற்று ஆகிய பக்கவிளைவுகளோ தொடர்கின்றன.

ஜேக் மாத்திரைகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

ஊசி மருந்துகள் செல்லுக்கு வெளியே சைட்டோகைனைப் பிடிக்கின்றன. ஜேக் தடுப்பு மருந்துகள் சிறு மூலக்கூறுகள். வாய்வழி உட்கொள்ளப்பட்டுச் செல்லுக்குள் நுழைந்து, ஏற்பி பெற்ற செய்தியை உட்கருவுக்குக் கடத்தும் நொதியை நிறுத்துகின்றன. ஜேக்1, ஜேக்2, ஜேக்3, டைக்2 என்று அந்நொதிகள் நான்கு. ஐ.எல்-6, ஐ.எல்-12, ஐ.எல்-23, இன்டர்ஃபெரான்கள் எனப் பல சைட்டோகைன்கள் இவற்றின் வெவ்வேறு இணைகளைப் பயன்படுத்துவதால், ஒரே மாத்திரை பல சமிக்ஞைகளை ஒருங்கே தணிக்கிறது. டி.என்.எஃப். இப்பாதையை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. டோஃபாசிடினிப் 2018-இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஒப்புதல் பெற்றது. உபாடாசிடினிப் 2022-இல் அதற்கும் 2023-இல் கிரோன் நோய்க்கும் பெற்றது. சில நாட்களிலேயே குறிகள் தணியத் தொடங்குவது இவற்றின் சிறப்பு.

பல சமிக்ஞைகளைத் தணிப்பதற்கு விலையும் உண்டு. அக்கி போன்ற தொற்றுகள் கூடுகின்றன. இதய நோய்க்கான அபாயக் காரணி உள்ள, 50 வயதைக் கடந்த முடக்குவாத மூட்டழற்சி நோயாளிகளிடம் டோஃபாசிடினிப்பைச் சோதித்தபோது, டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளோடு ஒப்பிடுகையில் மாரடைப்பு, புற்றுநோய், இரத்தக் கட்டு ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டதால், 2021-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் குடல் நோயாளிகள் அல்லர். எனினும் வயதையும் புகைப்பழக்கத்தையும் இதய நிலையையும் கேட்டறியாமல் இம்மாத்திரையைத் தொடங்குவது முறையன்று.

இம்மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை ஏன்?

காசநோய்க் கிருமி பலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கிறது. மேக்ரோபேஜ்கள் அதைச் சுற்றிக் கிரானுலோமா என்னும் சுவரெழுப்பிச் சிறை வைத்திருக்கின்றன. அச்சுவர் கலையாமல் இருக்க டி.என்.எஃப். வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்றவர்களில் காசநோய் கண்ட 70 பேரைப் பற்றிய அறிக்கை 2001-இல் வெளியானது; அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. அதன்பின் மறைந்துள்ள காசநோயைச் சோதித்து, இருந்தால் அதற்கு மருந்தளித்த பிறகே டி.என்.எஃப். தடுப்பு மருந்தைத் தொடங்குவது நடைமுறையாயிற்று. ஹெப்படைட்டிஸ் பி சோதனையும் இத்தகையதே. மருந்துக் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் கேட்ட மருந்து பின்னர் கேட்காமற்போவது ஏன்?

இதற்கு இரு வேறு காரணங்கள் உள்ளன. அவற்றுக்கான தீர்வுகளும் வேறு. முதலாவது, மருந்து உடலில் போதிய அளவு நிலைக்காமை. மருந்தும் ஒரு புரதமே என்பதால் உடல் அதற்கு எதிராகவே எதிர்ப்பான்களை உருவாக்கி அழித்துவிடக்கூடும். இரத்தத்தில் மருந்தின் அளவையும் எதிர்ப்பான்களையும் சோதித்தால் இது தெரியும். நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசதையோபிரின் போன்ற மருந்தை உடன்சேர்ப்பது இதைக் குறைக்கிறது: 508 பேரைக் கொண்டு 2010-இல் வெளியான சோதனையில், 26 வாரங்களுக்குப் பின் ஸ்டீராய்டு இன்றி நோய் அடங்கியிருந்தோர் இன்ஃப்ளிக்ஸிமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 44 பேர், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 57 பேர்.

இரண்டாவது, மருந்து போதிய அளவில் இருந்தும் நோய் வேறு சமிக்ஞையின் துணையோடு நடப்பது. ஆங்கோஸ்டேட்டின் எம் என்னும் சைட்டோகைன் குடலில் மிகுந்துள்ளவர்களுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்து பலனளிக்கும் வாய்ப்பு குறைவு என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்தகையவர்களுக்கு அதே வகை மருந்தின் அளவைக் கூட்டுவதைவிட வேறு வகைக்கு மாறுவதே பொருத்தம். வெடோலிசுமாப் போல, வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையும் வாயிலையே அடைக்கும் மருந்துகளும் உண்டு.

இரண்டு சைட்டோகைன்களை ஒரே நேரத்தில் தடுக்கலாமா?

அம்முயற்சி தொடங்கியிருக்கிறது. ஐ.எல்-23 தடுப்பான குசெல்குமாப்பையும் டி.என்.எஃப். தடுப்பான கோலிமுமாப்பையும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் சேர்த்துக் கொடுத்த சோதனையில் 12 வாரங்களில் முன்னேற்றம் கண்டோர் நூற்றுக்கு 83 பேர். குசெல்குமாப் மட்டும் பெற்றவர்களில் 75 பேர், கோலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 61 பேர். நம்பிக்கை தரும் முடிவுதான். எனினும் பல ஆண்டுகள் இரண்டையும் சேர்த்து எடுப்பதன் பாதுகாப்பை 12 வாரச் சோதனையைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

அழற்சியைத் தடுப்பதற்குப் பதிலாக, அடக்கும் சமிக்ஞையான ஐ.எல்-10-ஐயே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் கதையை அறிந்தவர்களுக்கு இதைவிட இயல்பான எண்ணம் தோன்றியிராது. ஆனால் கிரோன் நோயாளிகளுக்கு ஐ.எல்-10-ஐ ஊசியாகச் செலுத்திய சோதனைகள் குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை. இரத்தத்தில் செலுத்தப்படுவது குடற்படலத்தை வேண்டிய அளவில் சென்றடையாமையும், மிகுந்த அளவில் ஐ.எல்-10-ஏ அழற்சியை வளர்க்கும் இன்டர்ஃபெரான்-காமாவைத் தூண்டிவிடுவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. டி.ஜி.எஃப்.-பீட்டாவின் அடக்கும் செயலை மீட்க முயன்ற மொன்ஜெர்சென் என்னும் மருந்து 2015-இல் பெரும் நம்பிக்கையைக் கிளப்பி, 2017-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் கைவிடப்பட்டது. அதே டி.ஜி.எஃப்.-பீட்டா குடற்சுவரில் தழும்பு உருவாகி வழி சுருங்குவதிலும் பங்கேற்கிறது என்பதையும் கருதினால், அதைக் கூட்டுவது எப்போதும் நன்மையே தரும் என்று கொள்ள முடியாது. உருவாகிவிட்ட தழும்பைக் கரைக்கும் மருந்து இன்று இல்லை. சுருக்கத்தை விரிக்கவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ நேர்கிறது.

உணவும் புகைப்பழக்கமும் இச்சமிக்ஞைகளை மாற்றுமா?

புகைபிடித்தல் கிரோன் நோயை மோசமாக்குகிறது; நிறுத்துவது ஒரு மருந்துக்கு நிகரான பயன் தரும். குழந்தைகளின் கிரோன் நோயில் ஆறு முதல் எட்டு வாரங்கள் வழக்கமான உணவை முற்றிலும் விலக்கி, மருத்துவ ஊட்டத் திரவத்தை மட்டுமே கொடுப்பது ஸ்டீராய்டு இன்றியே நோயை அடக்கவல்லது. இதைத் தவிர, ஏதேனும் ஓர் உணவுப் பொருள் சைட்டோகைன்களைக் குறைத்து இந்நோயைக் குணமாக்கும் என்னும் விளம்பரங்களை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

நோய் அடங்கிவிட்டால் மருந்தை நிறுத்தலாமா?

குறிகள் மறைவதும் குடற்படலத்தில் சமிக்ஞைகள் ஓய்வதும் ஒன்றல்ல. வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் நின்ற பின்னும் உள்நோக்கியில் (எண்டோஸ்கோப்) புண் தெரியலாம். புண் ஆறிய பின்னும் திசுவில் அழற்சிச் செல்கள் எஞ்சியிருக்கலாம். எனவே நிறுத்துவது பற்றிப் பேசுமுன் கால்ப்ரோடெக்டினும் உள்நோக்கிச் சோதனையும் பார்க்கப்படுகின்றன.

இன்ஃப்ளிக்ஸிமாப்பையும் அசதையோபிரின் வகை மருந்தையும் சேர்த்து எடுத்து, ஸ்டீராய்டு இன்றிக் குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருந்த 115 கிரோன் நோயாளிகளிடம் இன்ஃப்ளிக்ஸிமாப்பை மட்டும் நிறுத்திப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஓராண்டுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு நோய் திரும்பியது. சி.ஆர்.பி., கால்ப்ரோடெக்டின் ஆகியவை நிறுத்தும் வேளையிலேயே உயர்ந்திருந்தவர்களுக்கு அவ்வாய்ப்பு மிகுதியாயிருந்தது. நோய் திரும்பியவர்களுக்கு அதே மருந்தை மீண்டும் தொடங்கியபோது பெரும்பாலோருக்கு அது மறுபடியும் பலனளித்தது.